“காணிதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன கவலை?” – மனநலம்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களின் வீடுகளிலிருந்து வந்தவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

சம்பூர்ப் பகுதியிலிருந்து ஒரு வாசகி:

என் அப்பாவுக்கு 66 வயது. 2006இல் ஊரை விட்டு வெளிக்கிட்டு, வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பின்னர் கிளிவெட்டி முகாமில் பல வருடங்கள் இருந்தோம். அங்கே எல்லோருக்கும் தைரியம் சொன்னவர் அவர்தான். காணி விடுபட்டு ஊருக்கு வந்து இரண்டு மூன்று வருடங்களில் மெல்ல மெல்ல ஒதுங்கத் தொடங்கினார். இப்போது வயலுக்குப் போவதில்லை. விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து முற்றத்தில் தனியே இருக்கிறார். உடம்பு எரிகிறது, தலையிடிக்கிறது என்கிறார். பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. “காணிதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன கவலை?” என்று உறவினர் கேட்டால் எழுந்து போய்விடுகிறார். முகாமில் உடையாதவர் ஊருக்கு வந்த பிறகு ஏன் இப்படி ஆனார்?

பதில்: நேரில் பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பவற்றில் மனச்சோர்வு நோயின் அடையாளங்கள் பல தெரிவதால், அவரைத் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிலும் நாட்டமின்மை அல்லது தீராத துயரம், அதனுடன் நித்திரைக் குழப்பம், பசியின்மை, களைப்பு, தன்னைப் பயனற்றவராக நினைப்பது, கவனம் நிலைக்காமை, சாவைப் பற்றிய நினைப்பு போன்றவற்றில் பல சேர்ந்து, நாளின் பெரும்பகுதி, இரண்டு கிழமைகளுக்கு மேல் நீடித்து, அன்றாட வேலையைக் கெடுக்குமானால் அதை வெறும் கவலை என்று விட்டுவிடக் கூடாது. விடியுமுன் விழிப்பு வந்து மீண்டும் உறங்க முடியாமல் போவது இந்த நோயில் அடிக்கடி காணப்படுகிறது.

உடம்பெரிவும் தலையிடியும் பொய்யல்ல. நம்முடைய மக்கள் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு வைத்தியசாலைக்கு வருவது அரிது. நெஞ்சில் பாரம், பெருமூச்சு, உடம்பெரிவு, விறைப்பு, “ஒரே யோசனை” என்றுதான் வருகிறார்கள். அந்தச் சொற்களைக் கேட்டவுடன் மனத்தையும் விசாரிக்கத் தெரியாத மருத்துவர், இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்து “ஒன்றும் இல்லை” என்று அனுப்பிவிடும்போது, நோயாளி தன்னை யாரும் நம்பவில்லை என்ற இன்னொரு பாரத்தையும் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறார். ஆயினும் தைரொயிட் குறைவு, இரத்தச்சோகை, நீரிழிவு ஆகியவையும் சில மருந்துகளும் இதே தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால், அவை பார்க்கப்பட்டுவிட்டனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். துன்பம் முடிந்தால் துயரமும் முடிய வேண்டும் என்பதுதான் உங்கள் உறவினரின் கணக்கு. உலகம் முழுவதும் அகதிகளைப் பற்றிச் செய்யப்பட்ட ஆய்வுகள் வேறு கணக்கைக் காட்டுகின்றன. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2005இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 67,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தது. முகாம் போன்ற நிறுவன இருப்பிடங்களில் வாழ்வோர், தொழில் வாய்ப்புக் குறுக்கப்பட்டோர், நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தோர், தாம் தப்பியோடிய இடத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டோர், எந்தப் பிணக்கினால் ஓடினார்களோ அது தீராமலேயே இருப்போர் ஆகியோரின் மனநலம் மற்ற அகதிகளைவிட மோசமாக இருந்தது. வயது கூடியவர்கள், பெண்கள், கிராமத்திலிருந்து வந்தவர்கள், இடம்பெயருமுன் நல்ல நிலையில் வாழ்ந்தவர்கள் ஆகியோரும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் வயலும் பட்டிமாடும் வைத்து நாலுபேருக்கு நெல் அளந்து கொடுத்த மனிதர், தறப்பாள் கொட்டிலில் இருந்து உலருணவுக்கு வரிசையில் நின்ற நாட்களை எண்ணிப் பாருங்கள். அந்த ஆய்வின் பட்டியலில் எத்தனை வரிகள் உங்கள் அப்பாவுக்குப் பொருந்துகின்றன என்பது தெரியும்.

முகாமில் அவரைத் தாங்கி நிறுத்தியவை இரண்டு என்று நினைக்கிறேன். ஒன்று, ஒருநாள் ஊருக்குப் போவோம் என்ற எதிர்பார்ப்பு. மற்றது, தன்னைத் தேடி வந்து ஆலோசனை கேட்ட அயலவர் கூட்டம். சம்பூர்க் காணிகள் 2015, 2016ஆம் ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டபோது மக்கள் திரும்பியது தாங்கள் விட்டுப்போன ஊருக்கன்று. வீடுகள் இடிந்து, வேலிகள் அழிந்து, எல்லை தெரியாமல் பற்றை மண்டிக் கிடந்த நிலத்துக்கே திரும்பினார்கள். பட்டிமாடுகள் இல்லை, பிள்ளைகள் கமத்தை விட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள், கிணறு இறைக்கவும் வேலி அடைக்கவும் கடன் பட வேண்டியிருந்தது. ஒன்பது வருடம் மனத்தில் காத்து வைத்திருந்த ஊரை, ஊருக்கு வந்த பிறகுதான் அவர் இழந்திருக்கிறார். எதிர்பார்ப்பு இருந்தவரை ஒத்திவைக்கப்பட்டிருந்த துக்கம், அது நிறைவேறிய நாளில் வந்து சேர்ந்தது என்று நான் கருதுகிறேன். தமிழ்நாட்டு முகாம்களில் இருபது, முப்பது வருடங்கள் இருந்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பிய குடும்பங்களிலும் இதையே பார்க்கிறேன்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. “காணி கிடைத்துவிட்டதே” என்ற பேச்சை அவர் முன்னால் எடுக்க வேண்டாம் என்று உறவினரிடம் நீங்களே கண்டிப்பாகச் சொல்லுங்கள். வயலுக்குப் போகும்படி வற்புறுத்தாமல், முற்றத்தில் ஒரு பாத்தி கத்தரி வைத்து, காலையில் அவரோடு சேர்ந்து தண்ணீர் ஊற்றுங்கள். மனம் வந்த பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் இந்த நோயில் மனம் வராது, சிறிய வேலையொன்று நாள்தோறும் நடந்தால் மனம் பின்னால் மெல்ல வரும். கமக்கார வீடு என்பதால் இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன்: கிருமிநாசினியும் களைநாசினியும் வீட்டில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள், அல்லது திறப்பு உங்கள் கையில் இருக்கும்படி பூட்டி வையுங்கள்.

திருகோணமலை வளாகத்தில் கற்கும் ஒரு மாணவி:

அகதிகளில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு என்று ஒரு கட்டுரை சொல்கிறது. இன்னொன்று இருபதில் ஒருவருக்கு என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் உண்மையாக இருக்க முடியும், எப்படி அளந்தார்கள், யாரை அளந்தார்கள், எப்போது அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். போர் முடிந்த சில மாதங்களுக்குள், 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுக்கப்பட்ட வீட்டுக் கணக்கெடுப்பில், 22.2 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, இருபது வருடங்களாகப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம் மக்களிடையே செய்யப்பட்ட ஆய்வு 5.1 சதவீதத்தினருக்குப் பெருமனச்சோர்வு என்று கண்டது. முதலாவது, அறிகுறிகளை எண்ணும் வினாக்கொத்து. இரண்டாவது, அறிகுறிகளை நோய் நிர்ணய விதிகளோடு பொருத்திப் பார்த்துக் கணக்கிட்டது. வினாக்கொத்தில் புள்ளி ஏறுபவர் எல்லோரும் நோயாளிகள் அல்லர். காலமும் வேறு.

உலகளாவிய தொகுப்பாய்வுகளில் அகதிகளின் மனச்சோர்வு 30 சதவீதத்தை அண்டியே வருகிறது. அவற்றில் பெரிய ஒன்று, 40 நாடுகளைச் சேர்ந்த 80,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு 2009இல் வெளியானது. அதன் சராசரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொகை கூடிய, எழுமாறாகத் தெரிவு செய்த ஆய்வுகளில் வீதம் குறைந்தே வந்தது என்று அந்த ஆசிரியர்களே சொல்கிறார்கள். அதில் நீங்கள் படிக்க வேண்டிய பகுதி காரணிகளைப் பற்றியது. ஒருவர் கண்ட கொடுமைகளின் எண்ணிக்கை கூடக் கூட மனச்சோர்வும் கூடுகிறது. பிணக்கு முடிந்து காலம் செல்லச் செல்லக் குறைகிறது. சித்திரவதைக்கு உள்ளானவர்களிடம் கூடுதலாக இருக்கிறது. வதிவிட உரிமை உறுதிப்படாதது தனியே ஒரு பாரமாகச் சேர்கிறது. ஒரே துன்பத்தைக் கண்ட இருவரில் ஒருவர் மீள்வதற்கும் மற்றவர் மீளாமல் இருப்பதற்கும், பின்னால் கிடைத்த தொழில், வீடு, பத்திரம், அயல் ஆகியவற்றில் பாதி விடை இருக்கிறது.

ஒரு சொல்லையும் கவனித்துக்கொள்ளுங்கள். எல்லை கடந்தவரையே 1951ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை அகதி என்கிறது. இலங்கையும் இந்தியாவும் அதில் ஒப்பமிடவில்லை. நம் ஊர்களிலோ பாடசாலைக் கட்டடத்தில் ஒரு கிழமை இருந்தவரையும் அகதி என்றே சொல்வோம். உங்கள் கட்டுரையில் நீங்கள் எவரைக் குறிக்கிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

மூதூர் கிழக்கிலிருந்து ஒருவர்:

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் என் அண்ணா காணாமல் போனார். அண்ணி இன்றும் பொட்டு வைக்கிறார். கன்னியாவில் கிரியை செய்வோம் என்று பெரியவர்கள் சொன்னால் கோபப்படுகிறார். சில நாட்களில் சமைக்காமல் படுத்தே இருக்கிறார். இது மனநோயா? கிரியையைச் செய்துவிட்டால் ஆறுவாரா?

பதில்: பொட்டு வைப்பது நோயில்லை. திரும்பி வரக்கூடும் என்று நம்புவதும் நோயில்லை. உடலைக் கண்டவர்களுக்கு ஒரு நாள் இருக்கிறது. முப்பத்தோராம் நாளைக் கணக்கிட்டுக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போகலாம், வருடம் திரும்பும்போது திதி கொடுக்கலாம், ஆடி அமாவாசையன்று கோணேசர் கோயில் தீர்த்தத்தில் நீராடலாம். உங்கள் அண்ணியின் இழப்புக்குத் திதி இல்லை. நம்முடைய சடங்குகள் துக்கத்துக்கு ஒரு தொடக்கமும் படிப்படியான ஓர் இறக்கமும் வைத்திருப்பதன் அருமை, அந்தத் தொடக்க நாளே கிடைக்காதவர்களைப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பு, துக்கத்தை முடிக்கவும் விடாது, தொடங்கவும் விடாது. இதனால்தான் காணாமற்போனோரின் குடும்பங்களில் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுகிறது.

கிரியை செய்யும்படி நெருக்குவதை நிறுத்துங்கள். அவரைப் பொறுத்தவரை அது கணவரைத் தன் கையால் சாகடிப்பதற்கு ஒப்பானது. ஒருநாள் அவராகவே கேட்கலாம், கேட்காமலும் விடலாம். இரண்டும் அவருடைய உரிமை. அதுவரை அண்ணாவின் பிறந்தநாளில் கோயிலில் ஒரு அருச்சனை, வீட்டில் ஒரு விளக்கு என்று சாவைச் சொல்லாத நினைவுகூரலுக்கு இடம் கொடுங்கள். காணிக்கும் வங்கிக்கும் மரணச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்பதாலேயே பல பெண்கள் இந்த நெருக்கடிக்குள் தள்ளப்பட்டார்கள். 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்துக்குப் பின்னர், மரணத்தை ஒப்புக்கொள்ளாமலே காணாமற்போனமைச் சான்றிதழ் பெறமுடியும். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

ஆனால் சமைக்காமல் படுத்திருக்கும் நாட்களை நான் தனியாகப் பார்க்கிறேன். துக்கம் அலைபோல வரும், போகும். இடையில் பேரப்பிள்ளையைக் கண்டால் முகம் மலரும். மனச்சோர்வில் எதுவும் மலர்த்தாது. “நான் இருந்து என்ன பயன்” என்ற நினைப்பு நாள் முழுவதும் கிடக்கும். அந்தப் படுக்கை நாட்கள் தொடர்ந்து இரண்டு கிழமையைத் தாண்டுமானால், அண்ணாவைப் பற்றிய எந்தப் பேச்சுமின்றி, உடம்பைக் காட்டுவோம் என்று அழைத்து வாருங்கள். கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கும் மனச்சோர்வுக்கு மருத்துவம் செய்யலாம். தேடுவதை அவர் கைவிட வேண்டும் என்று எந்த மருத்துவரும் நிபந்தனை வைக்கக் கூடாது.

உவர்மலையிலிருந்து ஓர் அக்கா:

தம்பி பிரித்தானியாவில் அகதித் தஞ்சம் கேட்டு மூன்று வருடம். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் இருக்கிறது. ஹோட்டல் அறை ஒன்றில் வேறு நாட்டவருடன் தங்கவைத்திருக்கிறார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. ஏஜென்சிக்காக வீட்டுக் காணியை ஈடு வைத்தோம். முன்பு தினமும் பேசியவன் இப்போது அழைப்பை எடுப்பதில்லை. போன கிழமை, “செத்தாலும் பரவாயில்லை, கடனாவது என்னோடு போகட்டும்” என்றான். நான் இங்கிருந்து என்ன செய்வது?

பதில்: அக்கா, இந்தப் பதில் அச்சில் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று தனியாகவும் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றே அழையுங்கள், எடுக்காவிட்டால் குரற்செய்தி அனுப்புங்கள். “தம்பி, நீ சொன்னது எனக்குப் பயமாக இருக்கிறது, உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறாயா?” என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்ட ஒருவர் இருந்தார் என்பதே பலரை நிறுத்தியிருக்கிறது. எப்படி, எப்போது என்று அவர் யோசித்து வைத்திருந்தால் அது அவசர நிலை; அந்த நகரத்தில் இருக்கும் உறவினர் அல்லது நண்பர் ஒருவரை உடனே அவரிடம் போகச் சொல்லுங்கள், அங்கே அவசர இலக்கம் 999. 116 123 என்ற இலக்கத்தில் இரவு பகலாகக் கட்டணமின்றி ஒருவரோடு பேசலாம். தஞ்சம் கோரியிருப்பவருக்கும் அங்கே குடும்ப மருத்துவரிடம் இலவசமாகப் பதிய உரிமை உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். பலர் இதை அறியாமலும், வைத்தியரிடம் போனால் வழக்குக் கெட்டுவிடும் என்று பயந்தும் போவதில்லை. அது தவறான பயம். மனச்சோர்வு ஞாபகத்தையும் கவனத்தையும் பாதிப்பதால் நேர்காணலில் திகதிகள் மாறிப்போவதுண்டு. மருத்துவ அறிக்கை இருந்தால் சட்டத்தரணிக்கு அது உதவும்.

தம்பியின் நோய் ஊரில் கண்ட துன்பத்தால் மட்டும் வந்ததென்று எண்ணாதீர்கள். முடிவு தெரியாத காத்திருப்பு, வேலைத்தடை, குடும்பப் பிரிவு, பட்ட துன்பத்தை அந்நியர் முன் திரும்பத் திரும்பச் சொல்லி நம்பப்படாமல் போவது ஆகிய ஒவ்வொன்றும் மனச்சோர்வைக் கூட்டும் காரணிகள். அவுஸ்திரேலியாவில் தற்காலிக விசாவில் இருந்த அகதிகளையும் நிரந்தர விசா பெற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், முன்பு பட்ட துன்பம் ஒத்திருந்தும், தற்காலிக விசாவில் இருந்தவர்களே கூடுதலாக நோயுற்றிருந்தார்கள்.

இவற்றில் உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான், அது சிறியதில்லை. “விசா கிடைத்ததா, எப்போது காசு அனுப்புவாய்” என்ற இரண்டு கேள்விகளும் இனி வீட்டிலிருந்து போகக் கூடாது. அம்மா கேட்டாலும், ஈடு பிடித்தவர் வந்து நின்றாலும், அதை அவனிடம் கடத்தாதீர்கள். “கடனை இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எங்களுக்கு நீதான் வேண்டும்” என்று சொல்லுங்கள். காணி கைவிட்டுப் போகும் நிலை வந்தாலும் இதையே சொல்லுங்கள். என்ன சமைத்தான், குளிர் எப்படி, அறையில் உள்ளவர் எந்த நாட்டவர் என்று கேளுங்கள். அழைப்பை எடுக்கப் பயப்பட வேண்டியதில்லை என்று தெரிந்தால்தான் அவன் எடுப்பான்.

இங்குள்ளவர்களில் எவருக்கேனும் இப்படி நினைப்பு வந்தால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசலாம்.

மூதூரிலிருந்து ஒரு சகோதரர்:

2006இல் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்த நாளிலிருந்து உம்மாவுக்கு நெஞ்சுப் படபடப்பும் அழுகையும். ஓதிப் பார்த்தால் சில நாள் நன்றாக இருக்கிறார். வைத்தியசாலை தேவையா?

பதில்: ஓதிப் பார்ப்பதை நிறுத்த வேண்டாம், நம்பிக்கையும், தன்னைப் பற்றி ஒருவர் அக்கறையாக விசாரிப்பதும் உம்மாவுக்குத் தேவை. அதோடு வைத்தியசாலையும் தேவை. இவ்வளவு காலம் நீடித்த நோய் சில நாள் நன்மையோடு தீராது. குளிசையை நிறுத்தச் சொல்பவரிடமும், அடித்தும் பட்டினி போட்டும் பார்க்கச் சொல்பவரிடமும் மட்டும் போகாதீர்கள். நோன்பு காலத்தில் குளிசையை நோன்பு திறந்த பின் அல்லது சஹருக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பெரும்பாலான குளிசைகளுக்கு அது முடியும்.

தம்பலகாமத்திலிருந்து ஒருவர்:

தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பியவன். மனச்சோர்வு என்று குளிசை தந்தார்கள். பத்து நாளாகியும் குணம் இல்லை. பழகிப்போகும் என்கிறார்கள். நித்திரைக்காக இரவில் கொஞ்சம் சாராயம் எடுக்கிறேன்.

பதில்: பத்து நாள் போதாது. மனச்சோர்வுக்கான குளிசைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டிலிருந்து நான்கு கிழமைகள் செல்லும். முதற் கிழமையில் வயிற்றுப்பிரட்டலும் ஒருவிதப் பதற்றமும் வரலாம், பெரும்பாலும் அவை தாமாகவே அடங்கும். இவை சாராயத்தைப் போல அடிமையாக்குவன அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும் என்பதால் படிப்படியாகவே குறைக்க வேண்டும். நித்திரைக்கென்று தரப்படும் சில குளிசைகள் வேறு இனம், அவை பழகிப்போகும். உங்களுக்குத் தந்தது எது என்பதை மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். சாராயம் முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு நித்திரை தந்து, நடுச்சாமத்தில் எழுப்பிவிடும். மறுநாள் மனத்தை இன்னும் தாழ்த்தும். குளிசையோடு சேர்ந்தால் ஆபத்தும் உண்டு. நீண்ட காலமாகத் தினமும் குடிப்பவரானால் சடுதியாக நிறுத்தாமல், எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குணமானதும் ஆகக் குறைந்தது ஆறு மாதம் குளிசையைத் தொடர வேண்டும். அடுத்த கிளினிக் நாளுக்குப் போகும்போது குளிசை அட்டைகளையும், இந்தியாவில் ஏதும் மருந்து எடுத்திருந்தால் அந்தத் துண்டுகளையும் கையோடு கொண்டு போங்கள்.